மூலையில் இரண்டு நாளங்கள்

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு பிரேசர் டவுன் ஆய்வகத்தின் கவுண்டர் முன்னால் ஒரு பெண்மணி வந்து நின்றார். தோளில் துணிப்பை, கையில் நீளக் குடை.

"ரிப்போர்ட்டு நாளைக்குத்தான்னு தெரியும்மா. இன்னிக்கே ரெடி ஆயிருந்தா ஒரு நாள் தூக்கம் மிச்சமாகுமேன்னு வந்தேன். பேரு பிரபா. நம்பர் எரநூத்திப் பதினேழு."

கவுண்டரில் உட்காரும் பெண் சாப்பிடப் போயிருந்ததால் அந்த நேரம் லவினா அங்கே இருந்தாள். இருநூற்றுப் பதினேழு என்று கேட்டதும் அவள் உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்த எண்ணின் முடிவு அவளுக்குத் தெரியும். உள்ளே டாக்டர் சொர்ணத்தின் மேசைத் தட்டில், மறுநாள் காலைக் கையெழுத்துக்காக அது காத்திருந்தது.

"நாளைக்குத்தான் ஆகும் மேடம். பத்து மணிக்கு மேல வாங்க."

"வந்துதான ஆகணும்." பிரபா நகரவில்லை. "சந்தாபுராலேருந்து ரெண்டு பஸ்ஸு. கார்மென்ட்ஸ்ல லைன் சூப்பர்வைசர் நானு. நாப்பது மிஷின் என் கண்ண பாத்துதான் ஓடும். இப்ப நான் உங்க கண்ண பாத்துட்டு நிக்கறேன்." சிரித்தார். சேலையின் இடப்பக்கம் தட்டையாக இருந்தது. "ஆபரேஷன் பண்ண டாக்டர் என்ன சொன்னாருன்னா, கட்டியில ஹார்மோன பிடிச்சு வெக்கிற சாமான் ஒண்ணு இருக்குமாமே, அது இருந்தா நல்லதாம். தினம் ஒரு மாத்திர, அஞ்சு வருஷம், திரும்ப வராம அது காவல் காக்குமாம். இல்லன்னா அந்தக் காவல் கெடையாது, ஊசி மருந்து மட்டும்தானாம். இருக்கணும்னு எங்க தெருப் பிள்ளையாருக்கு வேண்டிக்கிட்டிருக்கேன். நோயில ஏதாவது இருக்கணும்னு வேண்டிக்கிற மொத ஆளு நானாத்தான் இருப்பேன்!"

லவினா சிரிக்க முயன்றாள். தட்டில் இருந்த தாளில் "இல்லை" என்றுதான் போட்டிருந்தது.

லவினாவுக்கு இருபத்து மூன்று வயது. லிங்கராஜபுரத்துப் பெண். பகலில் இந்த ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலை, மாலை ஆறரை முதல் எட்டரை வரை சிவாஜிநகர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்படிப்புக்கான மாலை வகுப்பு. எதையும் இரண்டு முறை பார்ப்பாள். சரியாக இருந்தால், தான் சரியாகத்தான் பார்த்தோமா என்று மூன்றாவது முறை பார்ப்பாள். அதற்குப் பிறகும் பஸ்ஸில் போகும்போது சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்துக்குத் தீனியாக ஒரு நீல அட்டை டயரி வைத்திருந்தாள். கையில் வந்தது, கையால் செய்தது, கண்ணால் பார்த்தது எல்லாம் தேதியும் நேரமும் போட்டு அதில் ஏறிவிடும். அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று எழுதுவதில்லை. அர்த்தம் சொல்லத் தனக்கு என்ன தகுதி என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

இருநூற்றுப் பதினேழுக்குச் சாயம் ஏற்றியவள் அவள்தான். அது ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. மெழுகில் பதித்த கட்டியைச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, பிரபா சொன்ன அந்தச் சாமானை, அதாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை, மட்டும் தேடிப் பிடிக்கும் ஒரு திரவத்தை ஊற்ற வேண்டும். ஏற்பி இருக்கும் செல்லின் உட்கரு காபிக்கொட்டை நிறத்தில் பழுப்பாகும். இல்லாதது நீலமாகவே நிற்கும். இருநூற்றுப் பதினேழில் கட்டி முழுக்க ஒரே நீலம்.

அன்று மாலை வகுப்பில் அவள் பேச வேண்டிய முறை. தியோடர் சார் ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார். தினமும் கையில் புழங்குவதாயிற்றே என்று ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தலைப்பாக எடுத்திருந்தாள். கரும்பலகை முன்னால் நின்றபோது முதல் இரண்டு வாக்கியங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

"சவுண்டு, சவுண்டு!" என்றான் கடைசி பெஞ்சிலிருந்து கிளெமென்ட். எக்ஸ்ரே சென்டர் ஒன்றில் உதவியாளன். அவன் வாய்க்கு வகுப்பில் எப்போதும் வேலை இருக்கும்.

"ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில வருது," என்று லவினா குரலை உயர்த்தினாள். "ரொம்பச் சின்னது. கொழுப்போட கலக்கிற குணம். செல்லோட சுவரும் கொழுப்புதான். அதனால கதவு தட்டாம உள்ள போயிடும். எல்லா செல்லுக்குள்ளயும் போகும். ஆனா எல்லாத்துலயும் வேல செய்யாது. உள்ள ஏற்பி இருந்தாத்தான் வேல."

"ஏற்பின்னா?" என்றான் அவனே.

அவள் காலையிலேயே யோசித்து வைத்திருந்தாள். "ஏசி பஸ்ஸ நினைச்சுக்க. உட்கருவுக்குள்ள அந்த பஸ் சும்மா நின்னுட்டிருக்கு. உள்ள ஒரே ஒரு சீட்டு. அந்த சீட்டோட வளைவு ஈஸ்ட்ரோஜனுக்குன்னே செஞ்ச மாதிரி. அது ஏறி உக்காந்ததும் பஸ்ஸோட கதவு தானா வந்து மூடிக்கும். கதவு மூடினாத்தான் டிரைவர் வண்டிய எடுப்பான், இல்லையா? அதே மாதிரிதான். கதவு மூடின ஏற்பி இன்னொரு ஏற்பியோட ஜோடி சேந்து டிஎன்ஏவுல அதுக்குன்னு இருக்கிற ஸ்டாப்புல போய் நிக்கும். அங்க உதவிக்கு வேற புரதங்கள் வந்து ஒட்டும். உடனே சில ஜீன் முழிச்சுக்கும். செல்லு வளரும், ரெண்டாப் பிரியும்."

"டிக்கெட்டு?" என்றான் கிளெமென்ட். வகுப்பு சிரித்தது. தியோடர் சாரும் சிரித்தார். லவினா சாக்பீஸை எடுத்துப் பலகையில் பஸ்ஸை வரையத் தொடங்கினாள்.

"இப்ப டமாக்சிஃபென் மாத்திரை. அதுவும் அதே சீட்டுலதான் உக்காரும். ஆனா அதுக்குப் பக்கவாட்டுல ஒரு நீளக் கை உண்டு. பெரிய மூட்டையோட ஏறின ஆள் மாதிரி. மூட்டை வெளிய நீட்டிட்டிருக்கும், கதவு மூடாது. கதவு மூடலன்னா..."

"வண்டி நகராது!" பாதி வகுப்பு சேர்ந்து சொன்னது.

"ஆமா. ஈஸ்ட்ரோஜன் வந்து பாத்தா சீட்டும் இல்ல, வண்டியும் போகல. கட்டி வளர்றது நிக்கும்."

கிளெமென்ட் கையைத் தூக்கினான். இந்த முறை நிஜமாகவே கேள்விதான். "இந்த பஸ்ஸு கேன்சர் செல்லுல மட்டும்தானா? நல்ல செல்லுலயும் ஓடுதா?"

"நல்ல செல்லுலதான் மொதல்ல. மார்பகத்துப் பால் நாளத்துல இருக்கிற நல்ல செல்லுங்க சிலதுல அது எப்பவுமே இருக்கும்."

"அப்ப உங்க ஸ்லைடுல கட்டிக்குப் பக்கத்துல நல்ல நாளம் இருந்தா, அங்கங்கயாவது பழுப்பு தெரிஞ்சே ஆகணும்?"

"தெரிஞ்சே ஆகணும்," என்றாள் லவினா.

சொன்னவள் அப்படியே நின்றாள். சாக்பீஸ் பலகையில் பாதிக் கதவு வரைந்த இடத்தில் நின்றுபோயிற்று. ஒரு மூலை அவள் கண்ணுக்குள் வந்தது. இருநூற்றுப் பதினேழாம் தகட்டின் வலது கீழ் மூலை. அங்கே வட்டமாக இரண்டு.

"மன்னிச்சிருங்க சார்," என்று சாக்பீஸை வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்து பையிலிருந்து டயரியை எடுத்தாள். நேற்றைய பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது.

"எட்டாம் தேதி, புதன். 217. இரண்டு முறை பார்த்தேன். கட்டி முழுக்க நீலம். கூட வைத்த கண்ட்ரோல் ஸ்லைடு நல்ல பழுப்பு. வலது கீழ் மூலையில் நல்ல நாளங்கள் இரண்டு. அவையும் நீலம்."

அவையும் நீலம். எழுதியிருக்கிறாள், என்ன எழுதினோம் என்று தெரியாமலே. ஏற்பி இருந்தே தீர வேண்டிய நல்ல செல்லே நீலமாக நின்றால், கட்டி நீலமாக நின்றதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது "இல்லை" என்ற முடிவு இல்லை. சோதனை வேலையே செய்யவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் கண்ட்ரோல் பழுப்பாகியிருக்கிறது. அது ஏற்பி இருப்பதாக முன்பே தெரிந்த வேறொருவரின் சதை. அது பழுப்பானால் சாயமும் கைவேலையும் சரி. அப்படியானால் இருநூற்றுப் பதினேழின் சதையிலேயே ஏதோ ஆகியிருக்கிறது.

பக்கங்களைப் பின்னால் தள்ளினாள். தள்ளும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒன்றாம் தேதி, புதன். ஆயுத பூஜை. மாலை 5.40. 217, முழு மார்பகம். ஃபார்மலின் டப்பாவில் போட்டேன். வெட்டவில்லை. கத்தி பூஜையில்."

அன்று மத்தியானமே ஆய்வகத்தைக் கழுவிவிட்டார்கள். சதை சீவும் இயந்திரத்துக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் சந்தனம், குங்குமம். வாசலில் பூசணிக்காய் உடைத்து, எல்லாருக்கும் பொரியும் கடலையும் கொடுத்தாகிவிட்டது. நீளக் கத்திகள் மூன்றும் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில், மேலே சாமந்திப் பூ. எல்லாம் முடிந்து விளக்கும் ஏற்றிய பிறகுதான் பக்கத்து நர்சிங் ஹோமிலிருந்து டப்பா வந்தது. முழு மார்பகம் வந்தால் உடனே அதை ரொட்டி போல வரிவரியாக வெட்டிவிட வேண்டும். சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலின் மெல்ல மெல்லத்தான் உள்ளே ஊறும். வெட்டாமல் விட்டால் ஓரம் பதப்படும், நடுப்பகுதி உள்ளுக்குள்ளேயே கெடத் தொடங்கும். அந்தக் கெடுதலில் ஏற்பியும் அழிந்துபோகும். லவினாவுக்கு இது தெரியும். தாம்பாளத்தை நோக்கி ஒரு அடிகூட எடுத்து வைத்தாள்.

"ஆயுதத்துக்கு இன்னிக்கு லீவும்மா," என்றார் மூத்த டெக்னீஷியன் வெங்கடசாமி. "பூஜைல வெச்சத எடுக்கக் கூடாது. மருந்துல போட்டு வை, எங்கயும் ஓடிடாது."

மறுநாள் விஜயதசமி, ஆய்வகம் லீவு. வெள்ளிக்கிழமை காலையில்தான் கத்தி இறங்கியது. நாற்பது மணி நேரம்.

டயரியோடு வராந்தாவுக்குப் போனவள் பின்னாலேயே வந்த கிளெமென்ட் டயரியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டு போயிற்று. "டாக்டருக்குச் சொல்லு லவினா."

"நான் பாத்தது நாளமே இல்லன்னா? நான் யாரு கிளெமென்ட்? டாக்டர் பாத்துட்டாங்க, டைப் பண்ணியாச்சு. சொன்னா நான்தான வெட்டாம விட்டேன்னும் சேத்துச் சொல்லணும்."

"நீ எதையும் மூணு தடவ பாக்கற ஆளு. இதுல ரெண்டு தடவன்னு எழுதியிருக்க." அவன் டயரியை மூடி அவள் கையில் கொடுத்தான். "மூணாவது தடவ பாரு. அப்புறம் பயப்படு."

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு அவள்தான் ஆய்வகத்தைத் திறந்தாள். இருநூற்றுப் பதினேழை மைக்ராஸ்கோப்பில் வைத்து நேராக மூலைக்குப் போனாள். இரண்டு வட்டங்கள். ஓரத்தில் வரிசை குலையாமல் நிற்கும் செல்கள், நடுவில் வெற்றிடம். நாளங்கள்தான். பத்து முறை பார்த்தாலும் நாளங்கள்தான். ஒன்றிலும் பழுப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

ஒன்பது மணிக்கு டாக்டர் சொர்ணம் வந்து, கைப்பையை வைக்கும் முன்பே பேனாவைத் திறந்தார். அது அவர் பழக்கம்.

"என்ன லவினா, வாசல்லயே நிக்கற? ராஜினாமாவா, கல்யாணப் பத்திரிகையா?"

"மேடம், எரநூத்திப் பதினேழுல கையெழுத்துப் போடாதீங்க."

பேனா நின்றது. லவினா எண் போட்டுப் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்: மூலையில் நாளம் இரண்டு, இரண்டும் நீலம், கண்ட்ரோல் பழுப்பு, டப்பா வந்த நேரம், வெட்டாமல் போன நாற்பது மணி நேரம். எல்லாம் சொல்லி முடித்து, டயரியை இரண்டு பக்கத்திலும் விரல் வைத்து நீட்டினாள்.

டாக்டர் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இந்த மூலைக்கு நான் போகவேயில்ல," என்றார் கடைசியில். தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போல இருந்தது. பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "வெங்கடசாமி!" என்று போட்ட சத்தத்தில் வெளியே யாரோ ஸ்டூலைத் தள்ளிவிட்டார்கள்.

விஷயத்தைக் கேட்ட வெங்கடசாமியின் முகம் சிறுத்துப்போயிற்று. "இருபத்திரெண்டு வருஷமா பூஜ பண்றேன் மேடம். அன்னிக்குன்னு ஒரு டப்பா வந்ததில்ல."

"அண்ணா சொன்னாங்க, நான் கேட்டுக்கிட்டேன்," என்று குறுக்கிட்டாள் லவினா. "வாங்கினது நான். வெட்டலன்னு தெரிஞ்சேதான் எழுதியிருக்கேன்."

"கொழந்த மேல போடாதீங்க மேடம். கத்திய எடுக்காதன்னது நான்."

"குத்தத்த சாயந்திரமா உக்காந்து பங்கு போட்டுக்கங்க," என்றார் சொர்ணம். "நானும் ஒரு பங்கு வாங்கிக்கறேன். லவினா, இப்ப கேக்கறதுக்குப் பதில் சொல்லு. நடுவுலதான கெட்டிருக்கும்? ஓரம் அன்னிக்கு ராத்திரியே பதமாயிருக்கும். வெட்டினப்ப பதினாலு துண்டு எடுத்தோம். ஓரத்துல எடுத்த எதுலயாவது கட்டி இருக்கா?"

போன வெள்ளிக்கிழமை டாக்டர் வெட்ட வெட்ட எழுதியவள் லவினா. பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. "பதினொண்ணு மேடம். 'மேல்தோலை ஒட்டி எடுத்தது. கட்டியின் நுனி. பக்கத்தில் நல்ல சதை.'"

டாக்டர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "பதினொண்ண எடு. இன்னிக்கே."

பத்து மணிக்கு பிரபா வந்தார், அதே குடையோடு. கவுண்டரில் சொல்லியனுப்பியிருக்கலாம். லவினா தானே வெளியே போனாள்.

"ரிப்போர்ட்டு ரெடியில்ல மேடம். எங்க பக்கம் ஒரு தப்பு நடந்திருக்கு. உங்க துண்ட மருந்துல போட்ட நேரத்துல சரியா வெட்டல. வெட்டியிருக்க வேண்டியது நான். அதனால சோதன சரியா வரல. வேற துண்டுல திரும்பப் பண்றோம். சாயந்திரம் ஆகும்."

பெஞ்சில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரபா குடையைத் தரையில் ஊன்றி நின்றார். நாற்பது மிஷினை ஓட்டுகிற கண் அது. லவினா தன் செருப்பைப் பார்த்தாள்.

"மொத சோதனையில என்ன வந்துது?"

"அது செல்லாது மேடம். அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"ம்." பிரபா குடையைப் பெஞ்சின் ஓரத்தில் சாய்த்தார். "எங்க லைன்ல தையல் கோணலாப் போனா ரெண்டு விதமான ஆளுங்க இருப்பாங்க. ஒருத்தி அப்படியே மடிச்சுப் பொட்டியில போட்டுடுவா. ஒருத்தி என் கிட்ட கொண்டாந்து காட்டி, பிரிச்சுத் தெக்கறேன்பா. பிரிக்கறவள நான் இதுவரைக்கும் ஒரு வார்த்த திட்டினதில்ல." பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "போ, பிரி. நான் இங்கதான் இருக்கேன்."

பதினோராம் துண்டை வெங்கடசாமி சீவினார். அவர் கையில் மெழுகு நாடா அறுபடாமல் வந்தது. அவள் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தகட்டில் ஏந்தினாள். காயவைத்து, மெழுகு நீக்கி, குக்கரில் வைத்தாள். ஃபார்மலின் இறுக்கிக் கட்டிய புரதங்களை வெந்நீரின் அழுத்தத்தில்தான் இளக்க முடியும். அதற்கு ஆய்வகத்தில் வைத்திருந்தது சாதாரண வீட்டுக் குக்கர்தான். அது விசில் அடித்தபோது பிரபாவின் குரல் உள்ளே வரை கேட்டது.

"யாரும்மா உள்ள பருப்பு வேக வெக்கறது? மூணு விசில் போதும், கொழைஞ்சிடும்!"

பெஞ்ச் முழுக்கச் சிரிப்பு. வெங்கடசாமிக்கும் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

பிறகு சிரிக்க நேரமில்லை. சொட்டு, காத்திருப்பு, கழுவல், மறுபடி சொட்டு. ஒவ்வொன்றையும் நேரத்தோடு டயரியில் போட்டாள். சரியாகத்தான் ஊற்றினோமா என்று ஒரு முறை தோன்றியது. டயரியைப் பார்த்தாள், ஊற்றியிருந்தாள். இன்னொரு முறை தோன்றவில்லை.

நாலரை மணிக்குக் கடைசிச் சொட்டு. நிறம் வருவது இதில்தான். நீலப் பின்னணிச் சாயத்தையும் ஏற்றி, மூடுகண்ணாடி போட்டு, தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். டாக்டரும் வெங்கடசாமியும் பின்னால் வந்து நின்றார்கள்.

கட்டியைப் பார்க்க மனசு அடித்துக்கொண்டது. அவள் போகவில்லை. முதலில் கட்டிக்கு வெளியே, நல்ல சதைப் பக்கம் நகர்த்தினாள். நாளம் தெரிந்தது. வரிசையாக நிற்கும் செல்களில் நாலு நீலம், ஒரு பழுப்பு. மூன்று நீலம், இரண்டு பழுப்பு.

"நாளம் பழுப்பாயிருக்கு மேடம்," என்றாள். "இனி என்ன வந்தாலும் நம்பலாம்."

"சரி. இப்ப போ," என்றார் சொர்ணம்.

தகட்டை மெதுவாக நகர்த்தினாள். நல்ல சதை போய், நார் போய், கட்டியின் நுனி கண்ணுக்குள் வந்தது. காபிக்கொட்டையை யாரோ கை நிறைய அள்ளி வீசியது போல ஒவ்வொரு உட்கருவும் பழுப்பு. நகர்த்தினாள், பழுப்பு. இன்னும் நகர்த்தினாள், அங்கும் பழுப்பு. உட்கருவுக்குள்ளே ஆயிரமாயிரம் ஏற்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு காலி சீட்டு. இத்தனை நாளாக எங்கேயும் போய்விடவில்லை. எழுந்து டாக்டருக்கு ஸ்டூலை விட்டாள்.

டாக்டர் கண் வைத்த வேகத்தில் எண்ணத் தொடங்கினார். அவர் உதடு அசைவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல. அதுவும் அடர் பழுப்பு." தலையை நிமிர்த்தினார். "'இருக்கு' லவினா. கண்ணு கூசற அளவுக்கு இருக்கு!"

வெங்கடசாமி இரு கையையும் தட்டிக் கும்பிட்டார். ஸ்லைடையா, அவளையா என்று சொல்ல முடியவில்லை. "நாளைக்கே போய் சிட்டி மார்க்கெட்ல நாலாவது கத்தி வாங்கறேன் மேடம். பூஜைக்கு மூணு, வேலைக்கு ஒண்ணு. அந்த ஒண்ணுக்குப் பொட்டே வெக்க மாட்டேன்."

"பொட்டு வை. ஆனா தொடற மாதிரி வை," என்றார் டாக்டர். புது ரிப்போர்ட்டைத் தானே டைப் செய்தார். முதல் சோதனை ஏன் செல்லாது என்பதை மறைக்காமல் அதிலேயே இரண்டு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டு உறையில் இட்டவர் அதை லவினாவிடம் நீட்டினார். "நீ கொண்டு போய்க் குடு. மூணாவது தடவ பாத்தவ நீதான்."

பிரபா உறையைப் பிரித்து, நர்சிங் ஹோம் டாக்டருக்குப் படம் எடுத்து அனுப்பி, பதில் போன் வரும்வரை நின்றுகொண்டே இருந்தார். போன் வந்தது. "சரிங்க டாக்டர்... சரிங்க... ஆமாங்க, தினமும்... மறக்கவே மாட்டேன்." வைத்ததும் லவினாவின் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். "மாத்திர உண்டாம் கண்ணு! அஞ்சு வருஷம்! பிள்ளையாருக்கு ஒண்ணு இல்ல, அஞ்சு தேங்கா!"

ஆறு மணிக்கு இருவரும் ஒரே பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். லவினாவுக்கு வகுப்பு, அவருக்குச் சந்தாபுரா. "அந்த மாத்திர உள்ள போய் என்னதான் பண்ணும்?" என்று கேட்டார் பிரபா.

"மருந்து விஷயம் டாக்டர்தான் சொல்லணும். உள்ள என்ன நடக்கும்னு வேணா சொல்றேன்," என்று லவினா தொடங்கினாள். நேற்று பாதியில் விட்ட பேச்சு. நிற்கிற பஸ், ஒரே ஒரு சீட்டு, மூடுகிற கதவு, நீட்டிக்கொண்டிருக்கும் மூட்டை. எந்த இடத்திலும் தடுமாறவில்லை. பிரபா ஒவ்வொரு கட்டத்துக்கும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். கதை முடிந்ததும் கொஞ்சம் யோசித்தார். "அப்ப தினமும் காலைல நான் ஒரு மூட்டக்காரன உள்ள அனுப்பறேன்."

"ஆமா. தினமும். விட்டு விட்டுப் போட்டா ஈஸ்ட்ரோஜன் ஏறி உக்காந்துரும்."

ஏசி பஸ் வந்து நின்றது. பிரபா ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, கதவு மூடப் போன நேரத்தில் தன் நீளக் குடையை வெளியே நீட்டினார். கதவு முட்டித் திரும்பித் திறந்தது. மறுபடி மூடப் பார்த்தது, மறுபடி திறந்தது. வண்டி நகரவில்லை.

"ஏனம்மா! குடெ ஒளகெ தகொள்ளி, டோர் க்ளோஸ் ஆக்தில்லா!" என்று டிரைவர், குடையை உள்ளே இழுக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார்.

"கதவு மூடல பாரு கண்ணு!" என்று உள்ளிருந்து பிரபா குடையை ஆட்டினார். "வண்டி போகல பாரு!"

லவினா ஸ்டாப்பில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் பஸ் வந்ததும் வகுப்புக்குக் கிளம்பினாள். தியோடர் சாரிடம் மீதி நிமிடங்களைக் கேட்க வேண்டும். பாதிக் கதவு இன்னும் பலகையில் இருந்தாலும் இருக்கும்.